ரத்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: சுமந்து செல்வது யார்?

“அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கரண்ட் வைக்கிறார்கள், என் மகனுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?” லுகேமியா நோயாளிகளின் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களில் கதிரியக்கத்தை ஏற்றி, அவற்றை மீண்டும் உடலுக்குள் செலுத்தி, ரத்தப் புற்றுநோயைத் தேடிச் சென்று அழிக்கும் சிகிச்சை வந்துவிட்டதாகக் கைப்பேசிகளில் செய்திகள் உலவுகின்றன. அச்செய்தியைக் காட்டி, “இது இங்கே கிடைக்குமா? எவ்வளவு செலவாகும்?” என்று கேட்கிறார்கள். ஒரு குடும்பத்தினர் நிலப் பத்திரத்தையே கையோடு கொண்டுவந்திருந்தனர். புறநோயாளர் பிரிவின் பத்து நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி அன்று இது. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். ரத்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பயன்படாது என்பது பரவலான எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. ரத்தச் செல்களும் அவற்றில் தோன்றும் புற்றும் கதிர்வீச்சுக்கு மிக எளிதில் மடிபவை. தொண்டையிலோ கருப்பை வாயிலோ தோன்றும் புற்றுக் கட்டியை அழிக்க 60, 70 கிரே என்னும் அளவில் கதிர்வீச்சு தேவைப்படும். மெதுவாக வளரும் சில லிம்போமாக் கட்டிகள் 24 கிரே அளவிலேயே அடங்கிவிடுகின்றன. நாளுக்கு 2 கிரே வீதம் இரண்டே நாள் கொடுத்தாலும் சுருங்கிப்போகும் கட்டிகளை நாங்கள் பார்க்கிறோம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மார்பகக் கட்டிக்கு ஒரு முகவரி உண்டு. கருவியின் கதிரை அங்கே குறிவைக்கலாம். லுகேமியா எலும்பு மஜ்ஜை முழுவதும், ரத்தம் ஓடும் இடமெல்லாம் பரவியிருக்கிறது. குறிவைப்பதென்றால் உடல் முழுவதையும் குறிவைக்க வேண்டும். அதையும் செய்கிறோம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னர் சிலருக்கு உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு தரப்படுகிறது. வழக்கமான அளவு 12 கிரே, அதையும் மூன்று நான்கு நாட்களுக்குப் பகிர்ந்து தருகிறோம். இதற்கு மேல் போனால் நுரையீரல், குடல், கண் வில்லை ஆகியவை தாங்குவதில்லை. ஆக, ரத்தப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சின் வலிமை போதாமலில்லை. அதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்க ஆள் இல்லை என்பதே குறை.

தைராய்டு சுரப்பியின் நோய்களில் இந்தக் குறை எழவே இல்லை. அச்சுரப்பி அயோடினை விரும்பி உட்கொள்ளும். ஆகவே கதிரியக்கமுள்ள அயோடினைக் கொடுத்தால், உடலின் எந்த மூலையில் தைராய்டுச் செல் இருந்தாலும் அதுவே அயோடினைத் தேடி எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர் 1941இல் தைராய்டு மிகைச் சுரப்புள்ள நோயாளிக்கு இம்முறையில் சிகிச்சை அளித்தார். இன்றும் நம் அணு மருத்துவப் பிரிவுகளில் அன்றாடம் நடப்பது அதன் தொடர்ச்சியே. ரத்தப் புற்றுச் செல்லுக்கு இப்படி அதற்கே உரிய தீனி ஏதும் இல்லை. எனவே அதன் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களைப் பற்றிக்கொள்ளும் ஒரு தூதுவரைத் தேட வேண்டியதாயிற்று.

முதல் தூதுவர், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். பி வகை வெள்ளணுக்களில் தோன்றும் பெரும்பாலான லிம்போமாக்களின் மேற்பரப்பில் சிடி20 என்னும் புரதம் காணப்படும். உங்களில் பலருக்குச் சிரை வழியே ஏற்றப்படும் ரிட்டுக்சிமாப் மருந்து அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிதான். அதே புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியோடு இட்ரியம்-90 என்னும் கதிரியக்கப் பொருளைப் பிணைத்த செவாலின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2002இலும், அயோடின்-131ஐப் பிணைத்த பெக்சார் என்ற மருந்துக்கு 2003இலும் ஒப்புதல் கிடைத்தது. இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. ஆயினும் பெக்சாரின் விற்பனை 2014இல் நிறுத்தப்பட்டது. செவாலினும் பெரிதாகப் பரவவில்லை. மருந்தின் திறன் இதற்குக் காரணம் அன்று என்பது எங்கள் கருத்து. ரத்தவியல் மருத்துவர் பரிந்துரைக்க, அணு மருத்துவப் பிரிவு தயாரித்துச் செலுத்த, அடுத்து வரும் வாரங்களில் பிளேட்லெட் குறையும்போது மறுபடியும் ரத்தவியல் பிரிவு கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு சிகிச்சை இரண்டு துறைகளுக்கு இடையே நிற்க நேர்ந்தால் அது எளிதில் அநாதையாகிவிடும்.

ஆன்டிபாடிக்கு இயல்பான குறையும் உண்டு. செலுத்திய பின் அது பல நாட்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்நாட்களில் நல்ல மஜ்ஜையும் கதிர்வீச்சைப் பெறுகிறது. பெரிய கட்டியின் உட்பகுதிக்குள் அது எளிதில் புகுவதும் இல்லை. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னர் இக்குறையையே பயனாக்கிக்கொள்ளும் முயற்சி ஒன்று நடந்தது. ரத்தச் செல்கள் பெரும்பாலானவற்றில் உள்ள சிடி45 என்னும் அடையாளத்தை நோக்கி அயோடின்-131ஐ அனுப்பி, மஜ்ஜையை வேண்டுமென்றே ஒடுக்கிவிட்டு, பிறகு கொடையாளரின் மஜ்ஜையை ஏற்றுவது அம்முறை. 55 வயதைக் கடந்த, மற்ற மருந்துகளுக்கு அடங்காத தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகள் 153 பேரிடம் நடந்த ஆய்வில், இம்முறை பெற்றவர்களில் கூடுதலானோர் நீடித்த தணிவை அடைந்தனர். எனினும் மொத்த ஆயுட்காலம் கூடியது என்பது அதில் நிறுவப்படாததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மேலும் ஓர் ஆய்வைக் கேட்டிருக்கிறது.

இரண்டாவது தூதுவர்: உங்கள் சொந்தச் செல்

டி செல் என்பது நம் உடலின் காவல் வெள்ளணுக்களில் ஒரு வகை. ஆன்டிபாடியைப் போல ரத்த ஓட்டத்தில் மிதந்து செல்வதோடு அது நிற்பதில்லை. ரத்தக் குழாயின் சுவரைக் கடந்து திசுக்களுக்குள் நுழைந்து தேடும், எதிரியைக் கண்டால் அங்கேயே பெருகும். இப்பண்பை மருந்தாக மாற்றியதுதான் கார் டி செல் சிகிச்சை. நோயாளியின் கையிலிருந்து ரத்தத்தை ஒரு கருவியின் வழியே செலுத்தி, வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பிவிடுவார்கள். இது பிளேட்லெட் தானம் போன்றது. சில மணி நேரம் ஆகும், வலி குறைவு. எடுத்த டி செல்களுக்குள், நோயை உண்டாக்காதபடி மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் துணையால் புதிய மரபணுவைச் சேர்ப்பார்கள். அதன்பின் அச்செல்கள் சிடி19 என்னும் அடையாளமுள்ள செல்களைக் கண்டவுடன் தாக்கும். ஆய்வகத்தில் அவற்றைப் பெருக்கிச் சோதித்து முடிக்க வாரங்கள் ஆகும். அதற்கிடையில் நோய் கைமீறாமல் பார்த்துக்கொள்வதே பல நேரங்களில் எங்களுக்குப் பெரும்பாடு. பிறகு ஃபுளுடாராபின், சைக்குளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகளால் மூன்று நாட்கள் உடலில் இடம் ஏற்படுத்தி, ஒரு சிறிய பையில் வரும் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவோம். ஏற்றும் வேலை அரை மணிக்குள் முடிந்துவிடும். “இதற்காகவா இவ்வளவு நாள் காத்திருந்தோம்?” என்று உறவினர்கள் வியப்பதுண்டு. கடினமான நாட்கள் அதற்குப் பிறகே வரும்: கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், சிலருக்குப் பேச்சுக் குழறல், மனக்குழப்பம்.

2012இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இச்சிகிச்சை பெற்ற முதல் குழந்தை எமிலி வைட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமி. அவளும் இக்காய்ச்சலில் உயிருக்குப் போராடினாள். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப் என்ற மருந்து அவளைக் காப்பாற்றியது. அம்மருந்து இன்று இச்சிகிச்சையின்போது தயாராக வைத்திருக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது முதல் கார் டி செல் மருந்தின் விலை 4,75,000 டாலர். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 மருந்துக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. இதன் விலை அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்கே. நம் நாட்டில் நடந்த ஆய்வில் பலனைக் கணக்கிட முடிந்த 51 நோயாளிகளில் 73 விழுக்காட்டினருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. ‘சிறு பங்கு’ என்பதும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத தொகைதான் என்பதை நாங்கள் அறிவோம்.

இத்தனை வல்லமை இருந்தும் நோய் பலருக்குத் திரும்புகிறது. ஏன்? புற்றுச் செல்களில் சில சிடி19 அடையாளத்தையே உதறிவிடுகின்றன. காவலர் தேடுவது சிவப்புச் சட்டைக்காரனை. அவனோ சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுகிறான். சில நேரங்களில் கட்டி மிகப் பெரிதாக இருந்து டி செல்கள் உள்ளே செல்ல முடிவதில்லை. உள்ளே சென்றாலும் ஓய்ந்துபோகின்றன.

இந்த இடத்தில்தான் கதிர்வீச்சின் நினைவு ஆய்வாளர்களுக்கு வந்தது. இட்ரியம்-90 வெளியிடும் பீட்டாக் கதிர் திசுவுக்குள் சில மில்லிமீட்டர் தொலைவு பாயும். செல்லின் அளவில் சொன்னால் நூற்றுக்கணக்கான செல்களின் அகலம் அது. ஆகவே அடையாளமுள்ள ஒரு செல்லின் அருகே கதிரியக்கப் பொருள் போய்ச் சேர்ந்தால், அடையாளத்தை மறைத்துக்கொண்ட பக்கத்துச் செல்களும் தப்புவதில்லை. டி செல்லால் ஒட்டிய செல்லை மட்டுமே கொல்ல முடியும்; கதிர் தெருவையே துடைத்துவிடும். தேடிச் செல்லும் திறன் ஒன்றிடம், சுற்றியுள்ளதை அழிக்கும் திறன் மற்றொன்றிடம். இரண்டையும் சேர்த்தால் என்ன?

ஏற்றுவது எளிது, இறக்குவது அரிது

செல்லில் கதிரியக்கத்தை ஏற்றுவது புதிய வித்தை அன்று. செயற்கை மூட்டில் மறைந்திருக்கும் சீழைக் கண்டுபிடிக்க, நோயாளியின் ரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் எடுத்து, அதன் வெள்ளணுக்களைப் பிரித்து, டெக்னீசியம்-99எம் அல்லது இண்டியம்-111 சேர்த்து, மறுபடியும் அவருக்கே செலுத்தும் ஸ்கேன் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. வெள்ளணுக்கள் சீழ் இருக்கும் இடத்தில் போய்க் கூடும். அவை சுமக்கும் கதிரை வெளியிலிருந்து படமெடுக்கலாம். அங்கே அவை ஏந்திச் செல்வது கைவிளக்கு. சிகிச்சை என்றால் தீப்பந்தத்தை ஏந்த வேண்டும். ஏந்துபவரையே அது சுட்டுவிடும்.

இதனை விளங்கிக்கொள்ள, உங்கள் கட்டிலின் அருகே தொங்கும் ரத்தப் பையைப் பாருங்கள். மஜ்ஜை மாற்றம் செய்தவர்களுக்கும் ஃபுளுடாராபின் பெற்றவர்களுக்கும் ஏற்றப்படும் பையில் ‘கதிர்வீச்சு செலுத்தப்பட்டது’ என்ற சீட்டு ஒட்டியிருக்கும். கொடையாளரின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் நோயாளியின் உடலைத் தாக்காமல் இருக்க, 25 கிரே கதிர்வீச்சால் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறோம். அதே அளவில் சிவப்பணுக்கள் பயன்படும் நிலையிலேயே இருக்கின்றன. (அந்த ரத்தத்தில் கதிரியக்கம் ஏதும் தங்காது. அதைத் தொடுவதற்கு அஞ்சிய தாயார் ஒருவர் இருந்ததால் இதைச் சொல்கிறோம்.) உடலின் செல்களில் கதிர்வீச்சுக்கு மிக எளிதில் மடிபவை லிம்போசைட்டுகள், டி செல்லும் அவற்றில் ஒன்று. கொல்லும் அளவுக்குக் கதிரியக்கத்தை அதன்மீது ஏற்றினால், இலக்கை அடையும் முன்னரே சுமப்பவர் வழியில் விழுந்துவிடுவார். விழும் இடமும் கவலைக்குரியது. சிரை வழியே செலுத்தப்படும் செல்கள் முதலில் நுரையீரலில் தேங்கி, பிறகு கல்லீரலிலும் மண்ணீரலிலும் பெருமளவு சேர்கின்றன. கதிரியக்கச் சுமையோடு அங்கே அவை மடிந்தால் அந்த உறுப்புகளுக்கே தீங்கு.

இதைக் கடக்க ஆய்வாளர்கள் சில வழிகளைத் தேடுகின்றனர். குறுகிய தொலைவே பாயும் கதிரைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. ஆக்டீனியம்-225 வெளியிடும் ஆல்ஃபாக் கதிர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது; ஆனால் பட்ட செல்லைப் பிழைக்க விடாது. சுமக்கும் செல்லுக்கும் அது பொருந்தும் என்பதால் இது பாதித் தீர்வே. இன்னொரு வழி எங்களுக்கு மிகவும் அறிவுடையதாகத் தோன்றுகிறது: செல்லை வெறுங்கையோடு முதலில் அனுப்புவது. டி செல்லின் மேற்பரப்பில், ஒரு சிறிய கதிரியக்க மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற புரதம் இருக்கும்படி மரபணுவை அமைக்கிறார்கள். செல்கள் போய்ச் சேர்ந்து பெருகிய பிறகு அம்மூலக்கூறைச் செலுத்தினால், அது கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மாட்டாதது சிறுநீரில் வெளியேறிவிடும். கார் டி செல்கள் உடலில் எங்கே இருக்கின்றன என்று படமெடுப்பதற்கு இம்முறை ஆய்வகங்களில் செய்து காட்டப்பட்டுள்ளது. படமெடுக்கும் அளவிலிருந்து கொல்லும் அளவுக்குச் செல்வதில்தான் தொலைவு இருக்கிறது.

மூன்றாவது வழியில் இரண்டும் ஒன்றையொன்று சுமப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. கார் டி செல்கள் தயாராகும் வாரங்களில் பெரிய கட்டிக்கு மட்டும் வெளியிலிருந்து கதிர்வீச்சு தந்து, அதைச் சுருக்கி, செல்களுக்கு வேலையைக் குறைத்துக் கொடுப்பது பல மையங்களில் இன்றே நடைபெறுகிறது. கதிர்வீச்சு பட்ட புற்றுச் செல்கள் நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் எளிதில் படுகின்றன என்பதற்கும் ஆய்வகச் சான்றுகள் உண்டு. சிடி45 ஆன்டிபாடியில் குறைந்த அளவு அயோடின்-131ஐ ஏற்றி, செல்களை ஏற்றும் முன் தரப்படும் கீமோ மருந்துகளுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் முயற்சியும் உள்ளது. நம் நோயாளிகளுக்கு விரைவில் பயன்தரக்கூடியது இந்த மூன்றாவது வழிதான் என்று கருதுகிறோம். செய்தித் தலைப்பாகும் கவர்ச்சி அதற்கு இல்லை, அவ்வளவே.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை: சொந்த நோயெதிர்ப்புச் செல்களில் கதிரியக்கத்தை ஏற்றி ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும், ஒப்புதல் பெற்ற சிகிச்சை இன்று எந்த நாட்டிலும் இல்லை. அதற்கென்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். நிலப் பத்திரத்தோடு வந்த குடும்பத்தினருக்கு வெளிநாட்டில் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்ன முகவர் ஒருவர் முன்பணம் கேட்டிருந்தார். என்ன மருந்து, ஆய்வின் எந்தக் கட்டம், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று எழுத்தில் தருமாறு கேட்கச் சொன்னோம். அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. இந்தியாவில் முறையாக நடக்கும் மருந்து ஆய்வு எதுவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னரே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வில் பங்கேற்று அதனால் உடல்நலம் கெட்டால் இலவச மருத்துவம் தருவது சட்டப்படியான கடமை என்பதையும் நினைவில் வையுங்கள். எங்களிடம் கொண்டுவந்து காட்டினால் படித்துச் சொல்வோம்; இதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை, வேறு மருத்துவமனைக்குச் செல்ல விரும்புகிறீர்கள் என்பதற்காக வருத்தமும் இல்லை.

வீட்டில் இருப்பவர்களின் அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிரியக்கம் தங்குவதே இல்லை. அன்றே பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தும் சிகிச்சை வேறு. அயோடின்-131இன் கதிரியக்கம் பாதியாகக் குறைய எட்டு நாட்கள் ஆகும். இட்ரியம்-90க்கு 64 மணி நேரம். அயோடின் அதிக அளவில் தரப்பட்டால் தனியறையில் தங்க வேண்டியிருக்கும். அவ்வறையின் கழிவுநீர் தனித் தொட்டிகளில் தேக்கிவைக்கப்பட்டு, கதிரியக்கம் குறைந்த பின்னரே வெளியேற்றப்படுகிறது. வீடு திரும்பிய பின்னும் குறிப்பிட்ட நாட்கள் தனிப் படுக்கை, கழிவறையில் இருமுறை நீர் ஊற்றுதல், கர்ப்பிணிகளிடமிருந்தும் சிறு குழந்தைகளிடமிருந்தும் விலகியிருத்தல் ஆகியவை தேவை. எத்தனை நாட்கள் என்பதை அணு மருத்துவப் பிரிவு உங்கள் சீட்டில் எழுதித் தரும். அந்த நாட்கள் முடிந்த பிறகும் நோயாளியை ஒதுக்கிவைப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. தட்டையும் தம்ளரையும் மாதக்கணக்கில் தனியே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நோயாளிக்கு அது நோயைவிடக் கொடியது.

கார் டி செல் சிகிச்சை தமக்குப் பொருந்துமா என்று அறிய விரும்புவோர், முதல் சந்திப்புக்கு வரும்போது பழைய திசுச் சோதனையின் அறிக்கையோடு, சோதனைக்கூடத்தில் பாதுகாக்கப்படும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வாருங்கள். சிடி19, சிடி20 அடையாளங்களை அதில் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும். முன்பு கதிர்வீச்சு பெற்றிருந்தால் எந்த இடத்தில், எத்தனை கிரே என்ற விவரச் சீட்டு தேவை. பெற்ற மருந்துகளின் பட்டியலில் பெண்டாமுஸ்டின் இருந்தால் கடைசியாக ஏற்றிய தேதியைத் தவறாமல் குறித்து வாருங்கள். அம்மருந்து டி செல்களை நெடுங்காலம் குறைத்துவிடும் என்பதால், செல்களை எடுக்கும் நாளை அதைப் பார்த்தே முடிவு செய்வோம்.